அசையாத எட்டு

“மேடம், என் புரோகிராம் பேச்சு மாத்துது.”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் இருதயராஜ் சொல்லிவிட்டார்.

மெஹருன்னிசா நிமிரவில்லை. “என்ன சொல்லுது?”

“நேத்து ‘வலுவான சான்று உண்டு’ன்னு எழுதிச்சு. இன்னிக்கு ‘போதிய சான்று இல்லை’ன்னு எழுதுது. தரவு அதேதான். ஒரு புள்ளியைக்கூட நான் தொடலை.”

“எத்தனை தடவை கேட்டீங்க?”

“ரெண்டு தடவை.”

“ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டா எங்க வீட்லயும் இதான் நடக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியைக் காட்டினாள்.

துறைமுகச் சாலையில் ஒரு பல் மருத்துவமனையின் மாடி அது. கீழே யாருடைய பல்லையோ துளைக்கும் சத்தம் எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தாள்.

இருதயராஜுக்கு ஐம்பத்தைந்து வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு, தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளிடம் மாணவராக வந்து சேர்ந்தார். வயதுக்காக அவள் அவரை அண்ணாச்சி என்பாள். படிப்புக்காக அவர் அவளை மேடம் என்பார். இரண்டு பேருக்கும் அது உறுத்தியதில்லை.

“உப்பள அறிக்கைதானே?” என்றாள்.

“ஆமா.”

ஊருக்குத் தெற்கே உப்பளங்கள். வெயிலில் குனிந்து உப்பு வாருகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. பாதி அளங்களில் ஓலைப் பந்தல் போட்டு, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மீதி அளங்களில் எதுவும் இல்லை. கோடை முடிந்ததும் எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள்.

பந்தலால் பயன் உண்டா என்று இருதயராஜ் சொல்ல வேண்டும்.

‘அறிக்கை என்ன சொல்லுதோ அதுபடி செய்வோம்’ என்று உப்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் குணசீலன் வாக்குக் கொடுத்திருந்தார். உண்டு என்றால் பந்தல் நிற்கும். இல்லை என்றால் பிரித்துவிடுவார்கள்.

இருதயராஜ் செய்தது பேயீசிய முறைக் கணக்கு. பார்த்ததை வைத்து, பார்க்காததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லும் கணக்கு அது. கணினி ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் பார்க்கும். பந்தல் நல்லது செய்ததாக எத்தனை குலுக்கலில் வருகிறது என்று எண்ணும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் 0.95.

எண்களை அவர் தன் கையால் அறிக்கையில் எழுதுவதில்லை. எண் வர வேண்டிய இடத்தைக் காலியாக விடுவார். கணினி நிரல் கணக்கைப் போட்டு, இலக்கங்களை வெட்டி, அங்கே கொண்டுவந்து வைக்கும். முடிவை எழுதுவதற்கும் ஒரு வரி நிரல் வைத்திருந்தார். 0.95-ஐத் தொட்டால் ஒரு வாக்கியம். தொடாவிட்டால் வேறொரு வாக்கியம்.

அந்த ஒரு வரியில் அவருக்குத் தனிப் பெருமை. மனிதக் கை படாத அறிக்கை.

“மூணு தடவை ஓட்டுங்க” என்றாள் மெஹருன்னிசா. “மூணையும் அச்செடுத்துட்டு வாங்க. ஒரு சிவப்புப் பேனாவும்.”

*

மூன்று தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதல் தாளில், நூறு பேருக்கு 8.214 பேர் குறைவாகப் பாதிக்கப்படுவார்கள் என்று இருந்தது. இரண்டாவதில் 8.127. மூன்றாவதில் 8.291.

“இந்தப் புள்ளி ரெண்டு ஒண்ணு நாலு யாரு அண்ணாச்சி?”

“என்ன மேடம்?”

“எட்டுப் பேரு குறைவாங்க. சரி. எட்டுக்கு மேல புள்ளி ரெண்டு ஒண்ணு நாலுன்னு ஒருத்தரு நிக்காரே. அவருக்குப் பேரு என்ன?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“மூணு தாள்லயும் எந்த இலக்கம் அசையாம நிக்குதோ, அதை விட்டுருங்க. மத்ததை அடிங்க.”

அடித்தார். ஒவ்வொரு தாளும் சிவந்துகொண்டே வந்தது. இலக்கங்களைச் சீராக நிறுத்துவதற்கு அவர் இரண்டு வாரம் உழைத்திருந்தார். புள்ளிக்குக் கீழ் புள்ளி வரும்படி நிரல் எழுதியிருந்தார்.

“மிச்சம் என்ன?”

“எட்டு.”

“ம்.”

அவர் பேனாவை மூடவில்லை. முடிவு வாக்கியத்தின் மேல் அது நின்றது. முதல் தாளில் 0.951, சான்று உண்டு. இரண்டாவதில் 0.948, சான்று இல்லை. மூன்றாவதில் 0.952, மறுபடியும் உண்டு.

“எண்ணை அடிச்சிட்டேன் மேடம். இந்த வாக்கியமும் அசையுதே. இதை என்ன செய்ய?”

“நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு அவள் வேறு யாருடைய கணக்கையோ எடுத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

*

பேருந்து நிறுத்தத்தில் தொலைபேசி அடித்தது. அந்தோணியம்மாள். கிழக்கு அளத்தில் உப்பு வாருகிறவள். இரத்தம் எடுக்கும் நாட்களில், ஊசிக்குப் பயந்து ஓடிய பெண்களையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் அவள்தான்.

“அண்ணாச்சி, பந்தலைப் பிரிக்கப் போறாவளாமே?”

“யாரு சொன்னது?”

“கணக்கப்பிள்ளை. அறிக்கை வரட்டும், ஓலை அடுப்பெரிக்க ஆவும்னு சொல்லுதான்.”

“நான் இன்னும் எழுதி முடிக்கலைம்மா.”

“நல்லபடியா எழுதுங்க. எந் தங்கச்சி ரீத்தா பந்தல் இல்லாத அளத்துலதான் கெடந்தா. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதாவ.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க படிச்சவிய. ஒங்களுக்குத் தெரியாததா?” என்றாள்.

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது.

மறுநாள் குலுக்கல்களை நூறு மடங்கு கூட்டினார். அதிகம் குலுக்கினால் அசைவு குறையும். பகல் முழுவதும் கணினி சூடாகி ஓடியது. 0.9497.

மறுபடி ஓட்டினார். 0.9502.

அசைவு குறைந்திருந்தது. ஆனால் எண் சரியாக எல்லைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கால் ஒரு தடவை இந்தப் பக்கம் தொங்கியது. ஒரு தடவை அந்தப் பக்கம்.

*

அவர் மறுபடி படியேறி வந்தபோது அறிக்கை பளிச்சென்று இருந்தது. தசமங்கள் இல்லை. நூற்றுக்கு எட்டுப் பேர். அதிகம் போனால் பதினெட்டு. கீழே, வலுவான சான்று உண்டு.

மெஹருன்னிசா முழுவதும் படித்தாள். “அழகா இருக்கு அண்ணாச்சி.”

“இனிமே பேச்சு மாறாது மேடம். விதை எண் போட்டுட்டேன்.”

குலுக்கல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கணினிக்கு ஒரு எண்ணைக் கொடுக்கலாம். அதற்கு விதை எண் என்று பெயர். ஒரே விதையைக் கொடுத்தால் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை வரும். குற்றமில்லாத பழக்கம்தான். அவளே சொல்லிக்கொடுத்தது.

“எந்த எண்?”

“4127.”

“பிறந்த தேதியா?”

“இல்லை.”

“வண்டி நம்பரா?”

“இல்லை.”

“பொறவு?”

கீழே துளைக்கும் சத்தம் நின்றது. யாரோ வாய் கொப்பளித்துத் துப்பினார்கள்.

“இதுக்கு முன்னாடி எதெதைப் போட்டுப் பாத்தீங்க?”

அவர் சன்னலைப் பார்த்தார்.

“குணசீலன் அண்ணாச்சி ஒரு விதை எண்ணைத் தேடிப் பிடிச்சா என்ன வரும்?”

“அவருக்கு விதை எண்ணுன்னா என்னன்னே தெரியாது மேடம்.”

“தெரியாதவருக்காகத்தான் கேக்கேன்.”

அவர் முகம் சுருங்கியது. ஐம்பத்தைந்து வயது ஆணின் முகம் அப்படிச் சுருங்குவதைப் பார்ப்பது எளிதல்ல. அவள் எழுந்துபோய்ப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“மேடம், அந்தோணியம்மாளோட தங்கச்சி டயாலிசிஸ்ல இருக்கா. அடுத்தது அந்தோணியம்மாளா இருக்கலாம். ஒரு ஓலைப் பந்தல். ஒரு மணி நேரம். அதைப் போய், மூணாவது இலக்கம் தள்ளாடுதுன்னு…”

“ஒங்களுக்குப் பந்தல் வேணும்.”

“ஆமா.”

“அதை அறிக்கையில எங்க எழுதியிருக்கீங்க?”

“எழுதலை. அதெப்படி எழுத முடியும்?”

“எழுதியிருக்கீங்களே” என்றாள். “4127-ன்னு.”

தேநீரில் ஆடை படிந்தது.

ஒரு மனிதன் கெட்டது செய்யும்போது அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிடுகிறது. நல்லது செய்யும்போதுதான் தன் கையை அவன் பார்ப்பதில்லையோ என்னவோ. இருதயராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஹருன்னிசா அவருடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். விதை எண்ணைத் தொடவில்லை. கீழே போனாள். முடிவு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த வரி இருந்தது. அவர் பெருமைப்பட்ட வரி.

“இந்த 0.95-ஐ யாரு போட்டா? சங்கமா?”

“இல்லை. நான்தான்.”

“எதைப் பாத்து?”

“எல்லாரும் அதைத்தான் போடுவாங்க மேடம்.”

“எல்லாருமா இந்த அறிக்கையை எழுதுதாங்க?”

வரியை அழித்தாள். இரண்டு வாக்கியங்களும் போயின. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

“மேடம், முடிவு?”

“லுஹர் தொழுதுட்டு வாரேன்” என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

*

அவர் அந்த மின்னும் கோட்டின் முன்னால் தனியாக இருந்தார்.

கல்லூரியில் எத்தனையோ வருடம் கரும்பலகையில் விதிகளை எழுதியிருக்கிறார். எந்த விதியும், இதைச் சொல்வது யார் என்று அவரைக் கேட்டதில்லை. ஒரு பொருள் விழுகிறது என்றால் விழுகிறது. இருதயராஜ் சொன்னாலும் விழும். சொல்லாவிட்டாலும் விழும்.

‘சான்று உண்டு’ என்று எழுதினார். அழித்தார்.

‘சான்று இல்லை’ என்று எழுதினார். ரீத்தாவின் முகம் வந்தது. அழித்தார்.

ஒரு நீண்ட வாக்கியம் எழுதினார். அதில் ‘எனினும்’ இரண்டு தடவை வந்தது. அதற்குப் பின்னால் ஒருவர் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். அவருக்கே சிரிப்பு வந்தது. அதையும் அழித்தார்.

பிறகு, குணசீலன் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினார். பாதியில் நிறுத்தி, அந்தோணியம்மாள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். வாக்கியம் மாறப் பார்த்தது. விடவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து எழுதினார்.

மெஹருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். திரையைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். எதையும் மாற்றவில்லை.

“சங்கத்துக்கு எப்பப் போறீங்க?”

“நாளைக்கு. நீங்களும் வாங்க மேடம்.”

“எனக்குப் பல்லு வலி.”

“கீழேதான் டாக்டர் இருக்காரே.”

“அதான் போவல. தினமும் அந்தச் சத்தத்தைக் கேக்கேன்லா.”

*

சங்க அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றதே தவிரக் காற்று வரவில்லை. குணசீலன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு அளம் உண்டு. தொழிலாளர் பக்கத்திலிருந்து அந்தோணியம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

“சார், நான் ப்ளஸ் டூ ஃபெயில்” என்றார் குணசீலன். “எனக்கு உண்டா, இல்லையா. ஒத்த வார்த்தை போதும்.”

“ஒத்த வார்த்தையில சொன்னா அது பொய்யாயிரும். ஒரு பத்தி படிக்கேன். கேளுங்க.”

இருதயராஜ் படித்தார்.

“பந்தலும் மதிய ஓய்வும் இருந்தால், நூறு பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் சிறுநீரகம் கெடுவதிலிருந்து தப்புவார்கள். பதினெட்டுப் பேர் வரை இருக்கலாம். பயனே இல்லாமல், ஒன்றிரண்டு பேர் கூடுதலாகப் பாதிக்கப்படவும் கூடும். ஒரே ஒரு கோடையைத்தான் பார்த்தோம். பந்தல் நல்லது செய்கிறது என்பதற்கு இருபதில் பத்தொன்பது பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு பங்கு இல்லை.”

நிறுத்தினார். தாளில் கொஞ்சம் இடம் விட்டு, கீழே இன்னொரு வரி தனியாக இருந்தது.

“பந்தல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அது கணக்கில் சேராது.”

குணசீலன் புருவத்தைத் தூக்கினார். “இதையும் போட்டுருக்கீங்க?”

“ஆமா.”

“இதைப் போட்டா, நீங்க அவிய பக்கம்னு எங்க ஆளுங்க சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்க.”

“பொறவு எதுக்கு?”

“நீங்க கணக்கைப் படிக்கும்போது அதைக் கழிச்சிக்கிட்டுப் படிக்கணும்லா. அதுக்குத்தான்.”

குணசீலன் தாளை வாங்கி, உதடு அசையத் தானே படித்தார்.

“இருபதுல ஒண்ணு நீங்க தப்பு.”

“இருக்கலாம்.”

“அப்படின்னா தினமும் ஒரு மணி நேரக் கூலி எங்களுக்குத் தெண்டம்.”

“ஆமா. தெண்டம்தான்.”

“யாரு பொறுப்பு?”

“எழுதினவன் நான். என் பேரு கீழ இருக்கு.”

அந்தோணியம்மாள் தொண்டையைச் செருமினாள்.

“அண்ணாச்சி, எட்டுப் பேருன்னு படிச்சியளே.”

“ஆமாம்மா.”

“அதுல நான் உண்டா?”

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். வாயில் வந்தது. தசமங்கள் எல்லாவற்றையும் திரும்பக் கூப்பிட்டாலும் அதில் அவள் இருக்க மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

“தெரியாதும்மா.”

“இம்புட்டு ரத்தம் எடுத்தியளே!”

“எடுத்தோம். தெரியலை.”

அவள் சிரித்துவிட்டாள். கோபமும் இருந்தது அதில். “நல்லா படிச்சிய போங்க.”

குணசீலன் சிரிக்கவில்லை. விரலால் மேசையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“எங்க அளத்துல இருபத்தஞ்சு பேரு. நூத்துக்கு எட்டுன்னா, எனக்கு எத்தனை?”

“ரெண்டு பேரு.”

“எந்த ரெண்டு பேரு?”

“தெரியாது.”

“எப்பத் தெரியும்?”

“தெரியவே தெரியாது. பந்தல் இருந்தா அவங்க பாட்டுக்கு வேலைக்கு வருவாங்க, போவாங்க. தப்பிச்சது அவங்களுக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

“இல்லைன்னா?”

“அப்பவும் தெரியாது. வேற எதனால வந்ததுன்னு சொல்லிருவாங்க.”

வெளியே உப்பு ஏற்றிய லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. யாரோ ‘வா, வா, வா’ என்று கத்தினார்கள். குணசீலன் எழுந்து சன்னலருகே போனார். சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்களில் ஒருவன் அவரைக் கண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தான்.

பிறகு திரும்பி, அந்தோணியம்மாளைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்.

“கிழக்குப் பந்தல்ல ஓலை இத்துக் கெடக்கே, ஒருத்தரும் எங்கிட்ட சொல்ல மாட்டியளோ?”